தோல் உரித்தலும் வெளியில் கூடுதலும்: மூன்று காசில் சீனக் குறி படிப்பது எப்படி

எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் கைகூடுமா என்று தெரிய வேண்டுமானால் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லிப் பிரித்தால் விடை வந்துவிடும். ஆகும், அல்லது ஆகாது.

சீனர்களின் பழைய குறிநூலான ஈ ஜிங் அப்படி விடை சொல்வதில்லை. நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள், காலம் எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது, அதில் உங்கள் காலை எங்கே வைக்கலாம், இவ்வளவுதான் சொல்லும். அதைப் பூக்கட்டிப் பார்ப்பதுபோலப் படித்து நான் ஒரு முறை ஊர்க்காரியத்தையே கெடுக்க இருந்தேன். அன்றைக்கு வந்த குறி பெரும் மாற்றத்தில் தொடங்கி ஒற்றுமையில் முடிவது. அதை வைத்தே முறையைச் சொல்லித் தருகிறேன்.

நான் நீடாமங்கலத்துக்குத் தெற்கே கோரையாற்றுப் பாசனத்தில் ஒரு கடைமடை ஊர்க்காரன். மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறதே, அதில் ஒரு பிரிவுதான் எங்கள் ஆறு. 1996இல் சிங்கப்பூருக்குப் போய், ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வெல்டராக இருந்தேன். அங்கே ஸ்டோர் பார்த்த சீனப் பெரியவரை எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மூன்று காசை உருட்டி, ஒரு நோட்டில் கீழிருந்து மேலே கோடு போட்டுக்கொண்டிருப்பார். என்ன அங்கிள் இது என்று கேட்ட நாளிலிருந்து நான்கு வருஷம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இதில் நான் எழுதுவதெல்லாம் அவரிடம் கேட்டதும், பிறகு நானே படித்து, செய்து பார்த்ததும்.

முதலில் கேள்வி. காசை விடக் கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். "ஜெயிப்போமா?" என்று கேட்காதீர்கள். "இந்தக் காரியத்தில் நான் இப்போது நிற்கும் நிலை என்ன, அடுத்து எப்படி நடந்துகொள்ள வேண்டும்?" என்று கேளுங்கள். கேள்வியைத் தேதியோடு எழுதுங்கள். எழுதும்போதே பாதிக் கேள்வி வேறு உருவம் எடுத்துவிடும், பார்த்திருக்கிறேன். ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்கவும் கூடாது. நூலின் 4ஆவது குறியே இதைச் சொல்கிறது: முதல் தடவை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று தடவை கேட்டால் அது அவமதிப்பு, அவமதித்தால் சொல்ல மாட்டேன்.

அப்புறம் காசு. பழைய முறையில் 'யாரோ' (yarrow) என்ற செடியின் உலர்ந்த தண்டுகள் ஐம்பதை எடுத்து, ஒன்றைத் தள்ளி வைத்து, மிச்சம் 49ஐப் பிரித்துப் பிரித்து எண்ணுவார்கள். ஒரு குறிக்குப் பதினெட்டுத் தடவை பிரிக்க வேண்டும். நமக்கு மூன்று ஒரு ரூபாய்க் காசு போதும். தலை விழுந்தால் 3, பூ விழுந்தால் 2. மூன்றையும் சேர்த்து உருட்டிக் கூட்டினால் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றுதான் வரும். 7 என்றால் முழுக்கோடு, 8 என்றால் நடுவில் உடைந்த கோடு. இவை இரண்டும் அப்படியே நிற்கும். 9 முழுக்கோடுதான், ஆனால் முற்றிப்போனது, உடைந்த கோடாக மாறப்போகிறது. 6 உடைந்த கோடு, முழுக்கோடாக மாறப்போகிறது. ஆறு தடவை உருட்டி, பயிர் வளர்வதுபோலக் கீழிருந்து மேலே ஆறு கோடு போடுங்கள். இப்படி வரக்கூடிய உருவங்கள் மொத்தம் 64. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், முழுக் குறிக்கும் சேர்த்து ஒரு தலைவாக்கு, கோட்டுக்குக் கோடு தனி வாக்கு.

தண்டு முறையில் 6 விழுவது அபூர்வம், 16இல் ஒரு பங்கு. காசில் 8இல் ஒரு பங்கு. உடைந்த கோட்டைக் காசு சீக்கிரம் மாறச் சொல்லும் என்று அங்கிள் இதைத்தான் சொல்வார். பெரிய காரியத்துக்கு அவர் தண்டுதான் எடுப்பார்.

ஆறு கோட்டையும் கீழ் மூன்று, மேல் மூன்று என்று இரண்டாகப் பாருங்கள். மூன்று கோட்டில் எட்டு உருவம்தான் உண்டு. மூன்றும் முழுசாக இருந்தால் வானம், மூன்றும் உடைந்திருந்தால் நிலம். ஒரே முழுக்கோடு அடியில் இருந்தால் இடி, நடுவில் இருந்தால் தண்ணீர், உச்சியில் இருந்தால் மலை. ஒரே உடைந்த கோடு அடியில் இருந்தால் காற்று, நடுவில் இருந்தால் நெருப்பு, உச்சியில் இருந்தால் ஏரி. மலை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் டெல்டாக்காரனுக்குத் தினமும் கண்ணில் படுவதுதான். வாக்கைப் படிப்பதற்கு முன்னால் இந்த இரண்டு உருவத்தையும் கொஞ்ச நேரம் மனசில் ஓட விடுங்கள். புத்தகத்தைப் புரட்ட அவசரப்படுகிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

இனி என் கதை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தது. அடுத்த வருஷம் மேட்டூரை ஆகஸ்ட் 13ஆம் தேதிதான் திறந்தார்கள். குறுவை போச்சு, சம்பாவுக்குத்தான் தண்ணீர். எங்கள் வாய்க்காலில் அதுவரை தலைமடைக்காரர் வயல் நிறைந்த பிறகுதான் மதகு கீழே திறக்கும். அந்த ஆனி, ஆடியில் நாங்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து மூன்று தடவை ஊரைக் கூட்டினோம். பழைய வாய்க்கால் கமிட்டியை இறக்கிவிட்டு, கடைமடையிலிருந்து தொடங்கி மூன்று நாளுக்கு ஒரு முறை என்று முறைப்பாசனத்தையே தலைகீழாக மாற்றினோம். முதல் முறை சரியாக நடந்தது. இரண்டாவது முறையில் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள். யார் என்று தெரியாது. ஆனால் எல்லார் கண்ணும் பழைய கமிட்டித் தலைவராக இருந்த மேலத்தெருப் பெரியவர் மேல் போனது. பதினோரு வருஷக் கணக்கைக் கேட்க வேண்டும், கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் நின்றார்கள். எனக்கும் அதுதான் மனசு. அன்றைக்கு ராத்திரி காசை எடுத்தேன்.

கீழிருந்து 7, 8, 7, 7, 7, 6.

கீழ் மூன்றில் நடுக்கோடு உடைந்திருக்கிறது, அது நெருப்பு. மேல் மூன்றில் உச்சி உடைந்திருக்கிறது, அது ஏரி. ஏரிக்குள் நெருப்பு என்பது 49ஆவது குறி. பெயர் கெ. அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் பதனிட்ட தோல், அப்புறம் தோல் உரித்து மாறுவது. இன்றைக்குச் சீன மொழியில் புரட்சிக்குச் சொல்லும் கெமிங் இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். நெருப்பு மேலே போகப் பார்க்கும், தண்ணீர் கீழே இறங்கப் பார்க்கும், ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். பழைய உரை இன்னொன்றும் சொல்கிறது: நடுமகளும் கடைசி மகளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போகவில்லை. எங்கள் ஊரின் இரண்டு தெருவுக்கும் இதைவிடப் பொருத்தமாக ஒரு வரி சொல்ல முடியாது.

இந்த நூலே ஒரு பெரிய கவிழ்ப்புக்குப் பிறகு வந்தது என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஷாங் அரசர்கள் ஆமை ஓட்டிலும் மாட்டுத் தோள்பட்டை எலும்பிலும் சூடு வைத்து, அது வெடிக்கும் கோட்டைப் பார்த்துக் குறி கேட்டார்கள். கி.மு. 1046 வாக்கில் ஜோ குலத்தார் அவர்களைக் கவிழ்த்தார்கள். ஜோ காலத்தில் உருவானதால்தான் நூலுக்கு 'ஜோவின் மாற்றங்கள்' என்று பழைய பெயர். ஆகவே இதில் மாற்றம் பற்றிப் பேசுகிறவர்கள் ஓர் அரசு விழுந்ததை அறிந்தவர்கள். அந்த அனுபவத்தோடுதான் கெ குறியின் கோடுகள் படிப்படியாகப் போகின்றன. முதல் கோடு: மஞ்சள் மாட்டுத் தோலால் இறுக்கிக் கட்டிக்கொள், அதாவது இன்னும் அசையாதே. இரண்டாவது: அதற்குரிய நாள் வந்த பிறகு மாற்று. மூன்றாவது: மாற்றத்தைப் பற்றிய பேச்சு மூன்று சுற்று வரட்டும், அப்போது நம்புவார்கள். நான்காவதில் ஆணையே மாறுகிறது. ஐந்தாவதில் மாமனிதர் புலிபோல மாறுகிறார், குறி கேட்பதற்கு முன்னாலேயே ஜனம் நம்பிவிடுகிறது.

எனக்கு மாறும் கோடாக விழுந்தது ஆறாவது, உச்சிக்கோடு. ஒரே ஒரு கோடு மாறினால் அந்தக் கோட்டின் வாக்குத்தான் விடை. அதன் சாரம் இது: சான்றோர் சிறுத்தைபோல மாறுகிறார், சிறியவர் முகத்தை மாற்றிக்கொள்கிறார், மேலே படையெடுத்துப் போனால் கேடு, இருந்த இடத்தில் நிலைத்திருந்தால் நன்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் இரண்டு துண்டோடு நிறுத்திவிட்டேன். சிறுத்தை நாங்கள், முகத்தை மட்டும் மாற்றிக்கொண்டவர் அந்தப் பெரியவர் என்று படித்தேன். வெளியில் தலையாட்டிவிட்டு உள்ளே பழைய ஆளாகவே இருக்கிறார், இவரை விடக் கூடாது என்று நூலே சொல்லிவிட்டதாக நினைத்தேன். காலையில் கணக்குக் கேட்கிற நோட்டீஸைக்கூட எழுதி வைத்தேன். இதுதான் தவறான படிப்பு. எந்தக் கோடு விழுந்தாலும் அதை முதலில் உனக்குப் பொருத்திப் பார், அடுத்தவனுக்கு அப்புறம் பொருத்தலாம் என்று அங்கிள் தலைதலையாக அடித்துக்கொண்டு சொன்னது விடியற்காலை மதகுப் பக்கம் போனபோதுதான் ஞாபகம் வந்தது.

அங்கே அந்தப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் முறைப்படி, கடைமடைக்கு உரிய நாளில், அவரே ஷட்டரைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "முறைப்படிதான் விடுறேன் தம்பி. இன்னும் என்ன வேணும் ஒங்களுக்கு?" என்றார். "ஒண்ணும் வேணாம் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மிச்ச இரண்டு துண்டையும் படித்தேன்.

உச்சிக்கோடு என்பது மாற்றம் முடியும் இடம். பெரிய கவிழ்ப்பு ஐந்தாவது கோட்டோடு தீர்ந்துவிட்டது. புலியின் வரி தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். சிறுத்தையின் புள்ளி நெருக்கமானது, நுணுக்கமானது, கிட்டப் போனால்தான் தெரியும். உரைகாரர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, இனி செய்ய வேண்டியது சின்னச் சின்ன வேலை. சிறியவர் முகத்தை மாற்றுகிறார் என்பதும் திட்டு அல்ல. புது முறைக்கு வெளிப்படையாக ஒத்துவருகிறார் என்பதுதான். ஷட்டரை உரிய நாளில் சுற்றினால் போதும். நெஞ்சைத் திறந்து காட்டச் சொல்லித் தோண்டினால், அதுதான் மேலே படையெடுப்பது, அதற்குத்தான் கேடு என்று வாக்கு. நோட்டீஸைக் கிழித்துப் போட்டேன்.

அந்தச் சின்ன வேலை என்ன என்பதும் அதே குறியில் இருக்கிறது. ஏரிக்குள் நெருப்பைப் பார்த்த சான்றோர் நாட்கணக்கைச் சீர்செய்து பருவங்களைத் தெளிவாக்குகிறார் என்கிறது உரை. நாங்கள் ஒரு தகரப் பலகையில் எந்தத் தேதி யாருக்குத் தண்ணீர் என்று பெயின்டில் எழுதி மதகுப் பக்கத்தில் நட்டோம். ஷட்டருக்குப் பூட்டுப் போட்டோம். சாவி இரண்டு, தெருவுக்கு ஒன்று.

இப்போது மாறும் கோட்டை மாற்றிப் பாருங்கள். உச்சியில் உடைந்திருந்த கோடு முழுசானால் மேல் மூன்றும் முழுக்கோடு, அது வானம். வானத்துக்குக் கீழே நெருப்பு. 13ஆவது குறி, தோங் ரென், மனிதரோடு சேர்தல். தோல் உரிக்கும் குறிக்கும் ஊர் சேரும் குறிக்கும் நடுவில் ஒரே ஒரு கோடுதான் வித்தியாசம். ஏரியும் நெருப்பும் எதிரெதிர்த் திசை. வானம் மேலே இருப்பது, நெருப்பும் மேல்நோக்கித்தான் போகும், இரண்டுக்கும் திசை ஒன்று.

வாக்கு இப்படித் தொடங்குகிறது: வெட்டவெளியில் மனிதரோடு சேர்தல், செழிக்கும், பேராற்றைக் கடக்கலாம். இதில் வெளி என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இந்தக் குறியின் கோடுகளில் பெரும்பாலானவை இடத்தைப் பற்றியவை. முதல் கோட்டில் வாசலில் சேர்கிறார்கள், குற்றமில்லை. இரண்டாவதில் குலத்துக்குள் சேர்கிறார்கள், அது இழுக்கு. குலம் என்பதற்கு அங்கே உள்ள சொல்லின் எழுத்து, கூரைக்குக் கீழே ஒரு பலிபீடம். நம் ஊரில் குலதெய்வக் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்காளிகள் மட்டும் கூடுவதை நாம் ஒற்றுமை என்கிறோம். இந்த நூல் அதை இழுக்கு என்கிறது. எனக்கு அந்த வரி இன்றைக்கும் சுடுகிறது. மூன்றாவது கோட்டில் ஆயுதத்தைப் புதரில் ஒளித்துவிட்டு மேட்டில் ஏறி நோட்டம் பார்க்கிறார்கள், மூன்று வருஷம் எழுந்திருக்க முடிவதில்லை. நான்காவதில் மதில் மேல் ஏறியும் தாக்க முடியவில்லை, அதுவே நல்லது. ஐந்தாவதில் முதலில் அழுகை, பிறகு சிரிப்பு.

எங்கள் கூட்டம் மூன்றும் எங்கள் தெருக் கோயில் மண்டபத்தில்தான் நடந்திருந்தது. மேலத்தெருவிலிருந்து வந்தவர்கள் வெளித் திண்ணையோரம்தான் நின்றார்கள். அப்போது எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அடுத்த கூட்டத்தை வாய்க்கால் கரையில் களத்துமேட்டுக்கு மாற்றினோம். அது யார் வாசலும் இல்லை. அதே குறியின் உரையில், சான்றோர் இனம் பகுத்துப் பொருளைத் தெளிவுபடுத்துகிறார் என்று ஒரு வரி. ஒற்றுமைக் குறியில் பகுக்கச் சொல்கிறதே என்று முதலில் குழம்பினேன். பிறகு புரிந்தது. யாருக்கு எத்தனை மா, எந்த மடை, மேடா பள்ளமா என்று தனித்தனியாக எழுதிப் படித்ததும் கூச்சல் பாதி அடங்கியது. மூன்று மா வைத்திருப்பவருக்கும் ஒரு வேலி, அதாவது இருபது மா, வைத்திருப்பவருக்கும் ஒரே மணி நேரம் என்பதுதான் சண்டைக்கே விதை. எல்லாரும் ஒன்று என்று சொல்லி யாரையும் சேர்க்க முடியாது.

சரி, ஒன்றுக்கு மேல் கோடு மாறினால்? 12ஆம் நூற்றாண்டில் ஜு ஷி என்ற அறிஞர் வைத்த வழியைத்தான் நான் பிடிக்கிறேன். இரண்டு மாறினால் இரண்டு கோட்டு வாக்கும், மேலே உள்ளதற்கு எடை அதிகம். மூன்று மாறினால் இரண்டு குறியின் தலைவாக்கையும் சேர்த்துப் படியுங்கள். நான்கு, ஐந்து மாறினால் புதுக் குறியில் மாறாமல் நிற்கும் கோடுகளைப் படியுங்கள். எதுவுமே மாறாவிட்டால் தலைவாக்கு மட்டும்.

குறியின் எண்ணுக்கு அர்த்தம் தேடாதீர்கள். 1973இல் சாங்ஷா நகரத்துப் பக்கம் மவாங்துய் கல்லறையில் பட்டில் எழுதிய ஒரு படி கிடைத்தது. கி.மு. 168இல் மூடிய கல்லறை. அதில் குறிகளின் வரிசையே வேறு.

புரட்டலும் சேர்க்கையும் பற்றிக் கேட்டால் இன்னும் மூன்று குறி அடிக்கடி வரும். 8ஆவது, நிலத்தின் மேல் தண்ணீர். நடவு வயலில் தண்ணீர் நிற்பதைப் பாருங்கள், மண்ணுக்கும் அதற்கும் இடைவெளியே இருக்காது, அப்படிச் சேர்வது. தாமதமாக வருகிறவனுக்குக் கேடு என்று அதில் எச்சரிக்கை உண்டு. 45ஆவது, நிலத்துக்கு மேல் ஏரி. கூட்டம் பெருகும் குறி. ஆனால் ஏரி தரைக்கு மேலே ஏறினால் கரை உடையும். அதனால்தான் உரை, ஆயுதங்களைச் சீர்செய்து எதிர்பாராததற்குக் காவல் வை என்கிறது. கூட்டம் சேர்ந்த மகிழ்ச்சியில் இருப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். 59ஆவது, தண்ணீர் மேல் காற்று, சிதறுதல். அது எனக்கு கஜாவுக்கு அடுத்த வாரம் வந்தது. தலைவாக்கில் அரசன் கோயிலுக்கு வருகிறான், சிதறியவர்கள் திரும்பி வர ஒரு நடு இடம் வேண்டும் என்பதற்காக. நாலாவது கோடு, உன் கூட்டத்தையே கலைத்துவிடு, மிக நன்று என்கிறது. அன்றைக்கு அது விளங்கவில்லை. அடுத்த ஆவணியில் களத்துமேட்டில் எங்கள் ஆட்களை ஒரே பக்கம் உட்காராதீர்கள் என்று கலைத்து உட்கார வைத்தபோது விளங்கியது.

ஒவ்வொரு குறியையும் நோட்டில் எழுதி, ஒரு போகம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். மாறிய கோட்டுக்கு நேராகப் புதுக் குறியில் நிற்கும் கோட்டையும் கடைசியாகப் படிப்பது அங்கிளின் வழக்கம், என் வழக்கமும். என் நோட்டில் அந்த ராத்திரிக் குறிக்குக் கீழே தோங் ரென்னின் ஆறாவது கோட்டை எழுதி வைத்திருக்கிறேன்: ஊர்ப்புறத்தில் சேர்தல், வருத்தமில்லை. உரை அதற்கு, எண்ணம் இன்னும் நிறைவேறவில்லை என்று ஒரு வரி சேர்க்கிறது. இந்த ஆடியில் வாய்க்காலில் ஆகாயத்தாமரை எடுக்க இரண்டு தெருவும் வந்தது. டீயை அவரவர் தூக்கில் கொண்டுவந்து அவரவர் கரையில் உட்கார்ந்து குடித்தார்கள். பெரியவர் மட்டும் எழுந்து இந்தக் கரைக்கு வந்து, தன் சாவியை என்னிடம் கொடுத்து, "பூட்டுக்கு எண்ணெய் போடணும், துருப் புடிக்குது" என்றார்.